வரிதோறும் முற்றிற்று

சன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக் கொடுத்தீர்கள், தம்பி, மகிழ்ச்சி. ஆனால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. உங்கள் மடியில் கணினியைக் கண்டதுமே, இந்தப் பேருந்து பழனி சேர்வதற்குள் ஒரு வழக்கை உங்கள் முன் வைத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். நீங்கள் படித்தவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. படித்தவர்களிலும் நியாயம் தெரிந்தவர்கள் இருக்கக்கூடும்.

என் பேச்சு புத்தகத்தில் அச்சிட்டதைப் போல இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் நான் எழுவாய், பயனிலையோடுதான் கேட்பேன். "தண்ணி வந்து சேர்றதுக்குள்ள தாகம் போயிருமுங்க" என்று என் மனைவி சொல்வாள். போகட்டும், இலக்கணம் நிற்கும்.

என் பெயர் வைரவநாதன். நூற்பாலையொன்றில் பண்டகசாலைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சில் முதுநிலை தேறியவன். கணினியை ஓய்வுக்குப் பிறகு நானே கற்றேன். எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. ஆகவே தவறாகக் கற்பதற்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

வழக்கின் எதிராளி யார் என்று சொல்லிவிடுகிறேன். என் சம்பந்தி. சம்பந்தி என்றால் ஆண் என்று எண்ணிவிடாதீர்கள். என் மகள் நித்திலாவின் மாமியார், பங்கயச்செல்வி அம்மையார். அரசுப் பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். உடுமலையில் ஒரு நாடக மன்றம் நடத்துகிறார். ஒரு கூடத்தின் கடைசி வரிசையில் இருப்பவரைக்கூட ஒலிபெருக்கி இல்லாமலே விழித்தெழச் செய்யும் குரல்.

நான் ஒரு நாடகம் எழுதியிருந்தேன், தம்பி. 'முடிதுறந்த மாறன்.' போரில் மகனை இழந்த மன்னன் முடியைத் துறந்து உயிர் விடும் கதை. மூன்று மரணம், ஒரு துறவு. ஓரிடத்திலும் சிரிப்புக்கு இடமில்லை; அதில் மிகுந்த எச்சரிக்கையாக இருந்தேன். தீபாவளி விருந்தன்று அதைச் சம்பந்தி வீட்டில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். என் மருமகன் இளம்பரிதி கண்களை மூடியே கேட்டார். முடிந்ததும் அந்த அம்மையார் கேட்ட கேள்வி இதுதான்:

"ஏனுங்க சம்பந்தி, உங்க நாடகத்துல ராணி வாயே தொறக்க மாட்டாளா?"

"ராணி அழுகிறாள் என்று ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறேனே, அம்மா."

"அழுகறதுக்கு எதுக்குங்க ராணி? ஒரு வெங்காயம் போதுமே."

இளம்பரிதி கண்களைத் திறந்து சிரித்தார். என் மகளும் சிரித்தாள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அதன் விளைவாக, மன்னன் பேசுவதை நானும் ராணி பேசுவதை அவரும் எழுதுவதென்று முடிவாயிற்று. பொள்ளாச்சியில் தை மாதம் நடக்கும் நாடகப் போட்டியில் அவருடைய மன்றம் அதை நடிக்கும். நான் கோவையில், அவர் உடுமலையில். எனவே இளம்பரிதி இணையத்தில் ஒரு பொது உறையைத் திறந்து, அதில் நாடகத்தின் கோப்பை வைத்தார். நான் மாற்றினால் அவருக்குத் தெரியும். அவர் மாற்றினால் எனக்குத் தெரியும். பூவேலை, வண்ணம் ஒன்றும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு. அது என் நிபந்தனை. எழுத்துக்கு நகை எதற்கு?

என் கணினி பழையது. பழையது என்றால் நம்பகமானது என்று பொருள். அவருடையது வெளிநாட்டிலிருந்து இளைய மகன் அனுப்பிய மெல்லிய மடிக்கணினி. பின்புறத்தில் கடித்த பழம் ஒன்று இருக்கும். முழுப் பழம் வாங்க வசதி இல்லையோ என்னவோ.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். ஒரு நாள் மாலை, ராணியின் பேச்சில் 'போதும்' என்று இருந்ததை நீக்கி 'அமையும்' என்று செம்மைப்படுத்தினேன். மறுநாள் கோப்பைத் திறக்கிறேன்: நாடகம் முழுவதும் ஒரே வரி! தம்பி, ஒரே வரி. முதற்காட்சி தொடங்கி மன்னன் மரணம் வரை, ஓரிடத்திலும் முறியாமல், சரக்கு ரயிலைப் போல வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மன்னன் கேட்ட கேள்வியின் வாலைத் தூதுவனின் பதில் கவ்வுகிறது. தூதுவனின் வாலை ராணியின் அழுகை கவ்வுகிறது. நான் வரிக்கு வரி தட்டிய எண்டர்களை ஒன்றுவிடாமல் எவரோ பிடுங்கியிருந்தார்கள்.

எவரோ என்ன எவரோ? அந்தக் கோப்பின் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. நான் பிடுங்கவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். மிகவும் பண்பாகத்தான் தொடங்கினேன்.

"அம்மா, 'அமையும்' என்பது உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் சொல்லியிருக்கலாமே. எண்டர்களை அழித்தது முறையா?"

"எதைங்க அழிச்சேன்?"

"வரி முறிவுகளை."

"எனக்கு எல்லாம் வரிவரியா நல்லாத்தானுங்க தெரியுது. 'போதும்'னு ஒரு வார்த்தையத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். வேற வேல இல்லீங்களா எனக்கு, ஒவ்வொரு எண்டரா உக்காந்து அழிக்கறதுக்கு?"

வேறு வேலை இல்லை என்பதுதான் உண்மை. அவர் ஓய்வு பெற்றவர். அதை நான் சொல்லவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த வரி எங்கே முடிகிறது என்று நினைவிலிருந்தே கண்டுபிடித்து, எல்லா எண்டர்களையும் மீண்டும் தட்டினேன். தட்டிச் சேமித்த அன்றே அவர் அழைக்கிறார். குரலில் என்ன ஒரு வியப்பு!

"ஏனுங்க சம்பந்தி, எல்லா வரியவும் மாத்திட்டீங்களாட்ட இருக்குதே? இங்க மாத்தினதைச் செவப்பாக் காட்டும். மொத்தமும் செவந்து கெடக்குது!"

"ஒரு சொல்லையும் தொடவில்லை, அம்மா. உங்கள் 'போதும்' இருந்த இடத்தில் மட்டும்..."

"அதையுமா! சரி அதை விடுங்க. பழசு இந்தப் பக்கம், புதுசு அந்தப் பக்கம்னு வெச்சுப் பார்க்கறேன். ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது. ஆனா செவப்பாக் காட்டுது. வேடிக்கையா இல்லீங்க?"

வேடிக்கையாம். திருடியவரே காவல் நிலையத்துக்கு வந்து பூட்டு உடைந்திருப்பதை வியப்பதில்லையா? அதற்கு அடுத்த நாள் கோப்பைத் திறந்தால், மறுபடி சரக்கு ரயில்.

நான் தட்ட, அவர் பிடுங்க, கார்த்திகை முழுவதும் இப்படியே போயிற்று. விரல் நுனி வீங்கிவிட்டது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்கே போய்விட்டேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். இளம்பரிதி சமாதானம் பேச வந்தார். பொறியியல் படித்தவர். எதையும் படம் போட்டுத்தான் விளக்குவார். அன்று தாள் கிடைக்காததால் வாயாலேயே விளக்கினார்.

"மாமா, நீங்க டைப்ரைட்டர் அடிச்சவர்தானே? ஒரு வரி முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கே தட்டச்சா? கைப்பிடியைத் தள்ளுவேன்."

"தள்ளினா ரெண்டு காரியம் நடக்குதில்லீங்க? உருளை ஓரத்துக்குத் திரும்புது. தாள் ஒரு வரி மேல ஏறுது. நீங்க எண்டர் தட்டினா, உங்க கம்ப்யூட்டர் அந்த ரெண்டையும் தனித்தனிக் குறியா எழுதி வெக்குது, கண்ணுக்குத் தெரியாம. அம்மாவோடது 'தாள் ஏறுது'ங்கிற ஒரு குறியை மட்டும் வெச்சுட்டு, இன்னொண்ணைத் தூக்கிருது. அம்மாது எதைக் குடுத்தாலும் படிச்சுக்கும். உங்க பழைய மெஷினுக்கு ரெண்டும் இருந்தாத்தான் அது வரிமுடிவுன்னு புரியும். யாரும் எதையும் அழிக்கலீங்க மாமா."

நான் பொறுமையாகக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னேன்: "அப்படியானால், உங்கள் தாயாரின் கணினி பாதி வேலைதான் செய்கிறது என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்."

அவர் மறுபடி தாள் தேடத் தொடங்கினார், தம்பி. பொறியாளர்!

பிறகு என் கணினியில் ஏதோ சிறிய செயலி ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஐந்து நிமிட வேலையாம். நோய் அவர்கள் வீட்டில். மருந்து என் வாயிலா? மறுத்துவிட்டேன். சம்பந்தி அம்மையார் தன் தவறை ஒப்புக்கொள்ளாதவரை நாடகத்தைத் தருவதற்கில்லை என்றும் சொன்னேன்.

என் மகள் எழுந்தாள். "அப்பா, ஒரு எண்டருக்காகவா?"

"ஓர் எண்டர் அல்ல, அம்மா. எல்லா எண்டரும்."

அப்போது அந்த அம்மையார் என் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரிங்க சம்பந்தி. நாந்தான் அழிச்சேன்னே வெச்சுக்கங்க. மன்னிச்சிருங்க. இனி உங்க எழுத்துல ஒரு புள்ளியத் தொட மாட்டேன். ராணி பேசறதும் நீங்க வெச்சதே இருக்கட்டும். நீங்க அனுப்பறதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, பேச வெக்கறேன். போதுங்களா?"

"அமையும்" என்றேன்.

நியாயமாக, அத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் மகள் வாசல் வரை வந்து ஒன்று சொன்னாள். "அவங்க மன்னிப்புக் கேட்டது உங்களுக்காக இல்லப்பா, எனக்காக. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சிரிக்கற வரைக்கும் நான் உங்ககிட்டப் பேசப் போறதில்ல." அவ்வளவுதான். அன்றிலிருந்து அழைப்பில்லை. நான் அழைத்தாலும் எடுக்கவில்லை. எனக்கு அது ஒரு பொருட்டே அன்று. நான் பாட்டுக்கு என் வேலையில் இருந்தேன். தொலைபேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துச் சென்றேன் என்றால், அது மணி பார்ப்பதற்காக. ஆம், கைக்கடிகாரம் கட்டியிருக்கிறேன். அது குளிக்கும்போது கட்டுவதில்லை.

வீடு திரும்பிக் கோப்பைத் திறந்தேன். மறுபடி ஒரே வரி! மன்னிப்புக்கு முன்பு செய்ததா, பின்பு செய்ததா? தெரியாது. இனி எவரையும் நம்புவதற்கில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. எண்டரைப் பிடுங்கினால் தடயம் இருப்பதில்லை; அதுதானே சிக்கல்? ஆகவே ஒவ்வொரு வரியின் முடிவிலும், எண்டருக்கு முன்னால், 'முற்றிற்று' என்று ஒரு முத்திரை வைத்தேன். இனி எண்டரைப் பிடுங்கினாலும் முத்திரை நிற்கும். வரி எங்கே முடிகிறது என்று தேட வேண்டியதில்லை. இதை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள்? மூன்று மரணங்களும் ஒரு துறவும் கொண்ட நாடகம் முழுவதும், வரிதோறும் 'முற்றிற்று.' கோப்பின் தலைப்பில் ஓர் ஆணையும் எழுதினேன்: 'எழுதியது எழுதியவாறே பேசப்பட வேண்டும்.' எழுதி, நடிகர்கள் எல்லோருக்கும் நானே அனுப்பினேன்.

ஒத்திகைக்கு நான் போகவில்லை. ஒத்திகை அவர் வீட்டில். ஒரு நாள் மன்னனாக நடிப்பவர் அழைத்தார். கிட்டுசாமி, முன்பு பேருந்து நடத்துநர்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. இதுல இருக்கறதை எல்லாமே சொல்லோணுங்களா?"

"ஓர் எழுத்தையும் விடக் கூடாது."

"இல்லீங், அந்த..."

"கிட்டுசாமி, நான் எழுதியதைத் திருத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டீர்களா?"

"ஐயையோ, இல்லீங்க ஐயா. டீச்சரம்மாவும் இதையேதான் சொன்னாங்க. 'அவருகிட்ட வாக்குக் குடுத்திருக்கறேன், ஒரு புள்ளி மாறக் கூடாது'ன்னு. சொல்றப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குச்சு. அழுதாங்களாட்ட இருக்குது."

எனக்கே மனம் நெகிழ்ந்துவிட்டது. அந்த அளவுக்கா வருந்துகிறார் என்று எண்ணினேன்.

தை மாதம். பொள்ளாச்சி. அரங்கம் நிறைந்திருந்தது. நான் முன் வரிசையில். பக்கத்து இருக்கையில் என் மகள்; முகத்தை மேடைப் பக்கமே வைத்திருந்தாள். திரை உயர்ந்தது. கிட்டுசாமி அரியணையில் இருந்து எழுந்தார். என்ன ஒரு கம்பீரம்!

"யார் அங்கே? முற்றிற்று."

தூதுவன் மண்டியிட்டான். "அடியேன், அரசே. முற்றிற்று."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "இப்பத்தானப்பா ஆரம்பிச்சீங்க!" என்றார். சிரிப்பு எழுந்தது. ராணி வந்தார், சம்பந்தி அம்மையார்தான். கூந்தலை விரித்துக்கொண்டு, ஒலிபெருக்கியே தேவையில்லாத அந்தக் குரலில், "என் மகன் எங்கே? முற்றிற்று. என் கண்ணின் மணி எங்கே? முற்றிற்று. ஐயோ! முற்றிற்று" என்றார். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை, தம்பி. கல்லில் செதுக்கியதைப் போன்ற முகம். மூன்றாம் காட்சியில் அரங்கமே சேர்ந்துகொண்டது. நடிகர் வரியைச் சொல்வார். 'முற்றிற்று' என்பதை மக்கள் சொல்வார்கள். மன்னன் மரணம் வந்தது.

"உயிர் போகிறது. முற்றிற்று. போய்விட்டது. முற்றிற்று. ஆயினும் ஒன்று சொல்வேன். முற்றிற்று."

ஒவ்வொரு முற்றிற்றுக்கும் கிட்டுசாமி ஒரு முறை விழுந்தார். அடுத்த வரிக்கு ஒரு முறை எழுந்தார். எழுதியபடியே செய்பவர். நாடகம் மெய்யாகவே முடிந்தபோது எவரும் நம்பவில்லை. திரை விழுந்த பிறகும் இருக்கையை விட்டு அசையவில்லை. எந்த நாடக ஆசிரியனுக்கு அத்தகைய பேறு கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

சிறந்த நகைச்சுவை நாடகம் என்று பரிசு அறிவித்தார்கள். ஆம், நகைச்சுவை. நடுவர்கள் அந்த 'முற்றிற்று' என்பதை யார் யோசித்தது என்று கேட்டார்கள். அம்மையார் ஒலிவாங்கியை வாங்கி, "எல்லாம் எங்க சம்பந்தி எழுதினதுங்க. நான் ஒரு புள்ளி தொடலீங்க" என்று கையை என் பக்கம் நீட்டினார். என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த இடத்தில் 'இது கோப்புப் பாதுகாப்புக்காக வைத்த முத்திரை' என்று விளக்கியிருக்கலாம். கைதட்டல் ஓயவில்லை, விளக்கினால் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் விளக்கவில்லை.

ஒப்பனை அறையில் அம்மையார் விரித்த கூந்தலோடு ஒரு நாற்காலியில் விழுந்தார். என்னைப் பார்த்தார். "சம்பந்தி... 'போய்விட்டது முற்றிற்று'..." என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஏதோ ஆகிவிட்டது. இருமல் என்றுதான் நினைக்கிறேன். நெடுநேரம் நிற்காத இருமல். வாசற்படியில் என் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் எழுவாய் பயனிலையோடு விடை சொல்ல எண்ணினேன். "இல்ல கண்ணு" என்றுதான் வந்தது.

அதன் பிறகு அம்மையார், "அடுத்த தடவை அந்த வார்த்தைய எடுத்துரலாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கலை நோக்கம் கருதித்தான்; வேறு காரணம் எதுவும் இல்லை. இப்போது ஆறு ஊர்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இன்று பழனியில் நடக்கிறது. என் சோகம் இனி சோகமாக மீளாது என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் அந்த அம்மையார் எண்டர்களைப் பிடுங்கியது என்பதும் தெரியும். இளம்பரிதி இன்னும் அந்தச் செயலியைப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். நான் இன்னும் மறுக்கிறேன்.

என்ன சொல்ல வருகிறீர்கள்? இரண்டு குறி, ஒரு குறி, அதுவா? வேண்டாம், தம்பி. நல்ல முகமாக இருக்கிறீர்கள்; கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அதற்கெல்லாம் அப்பால் போய்விட்டேன். இருவரும் சேர்ந்து அடுத்த நாடகமும் எழுத வேண்டும் என்பது என் மகளின் கட்டளை. சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இந்த முறை நான் விழிப்பாக இருக்கிறேன். ஒரே பாத்திரம், ஒரே பேச்சு, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே வரி. போர் முடிந்த களத்தில் ஒரு பெண் தனியாக நின்று பேசுகிறாள். இடையில் ஓரிடத்திலும் நான் எண்டர் தட்டவில்லை. அவ்வளவு நீளமான வரியை மூச்சு முறியாமல் பேசக்கூடியவர் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது பிடுங்கட்டும், பார்க்கிறேன்.